தபால் சாப்பிடவில்லை

ஆஸ்பத்திரியில் அவளைப் பினாயில் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். யாரோ கிண்டலாக ஆரம்பித்தது, நாளடைவில் அதுவே பெயராக நின்றுவிட்டது. தலைமை நர்ஸம்மாகூட, "பினாயில் அக்காவ வரச் சொல்லுங்க, ஏழாம் கட்டில்காரர் வாந்தி எடுத்துட்டார்" என்றுதான் சொல்வார். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமைதான். இருபத்திரண்டு வருஷமாகக் காய்ச்சல் வார்டின் தரையைத் துடைக்கிறவள். வாளித் தண்ணீரில் கறுப்புப் பினாயிலை ஒரு மூடி ஊற்றினால் தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும் பாருங்கள், அந்த வெளுப்பைக் கண்டால்தான் அவளுக்கு மனசு ஆறும். நர்ஸ்கள் ஊசி போடட்டும், டாக்டர்கள் சீட்டு எழுதட்டும், கிருமியை நேருக்கு நேர் நின்று ஒழிப்பது தான் ஒருத்திதான் என்பது அவள் எண்ணம். அதை யாரும் இதுவரை மறுத்ததும் இல்லை.

வீட்டில் அவள் அக்கா. ஆனால் ஆறு வருஷமாக அந்த வீட்டில் அவளை யாரும் அக்கா என்று கூப்பிடவில்லை.

வீடு என்றால் மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும். இருப்பது இரண்டே பேர். பெரியவள் இவள், ஐம்பத்தொன்று முடிந்துவிட்டது. சின்னவள் இவளைவிட ஒன்பது வயது இளையவள். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை; ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், அது நமக்கு வேண்டாம். சின்னவளுக்குப் பேருந்து நிலையத்தில் வேலை. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். நாள் முழுக்க ஊருக்கே கேட்கும்படி பேசுகிறவள், வீட்டுப்படி ஏறியதும் வாயைத் தைத்துக்கொள்வாள். அக்காவிடம் ஒரு வார்த்தை கிடையாது. பெரியவளும் லேசுப்பட்டவள் இல்லை, மகா ரோஷக்காரி. நீ பேசாவிட்டால் எனக்கென்ன குறைந்துபோச்சு என்று இருந்துவிட்டாள். ஆனால் வேலை முடிந்து திரும்பும்போது நேராக வரும் வண்டியை விட்டுவிட்டு, பேருந்து நிலையத்துக்குள் நுழைந்து சுற்றி வரும் வண்டியில்தான் ஏறுவாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, "பயணிகளின் கவனத்திற்கு" என்று அந்தக் குரல் தொடங்குவதைக் கேட்டுவிட்டு வீடு வந்து சேருவாள். இதை அவள் ஒரு ஈ காக்கையிடம் சொன்னதில்லை. சொன்னால் மானம் போய்விடுமே.

சண்டை அம்மாவை வைத்து வந்தது. அம்மா நெஞ்சுச் சளியில் படுத்து, இருமி இருமி ஓய்ந்துபோய், ஒரு விடியற்காலையில் கண்ணை மூடினாள். சின்னவள் அப்போது வேறு ஊரில் வேலையில் இருந்தாள். வந்து சேர ஒன்றரை நாள் ஆகும், அதுவரை உடலை வைத்திருக்க முடியாது. போனில் அழுதுகொண்டே ஒன்றே ஒன்று கேட்டாள். "அக்கா, அம்மா ரூம அப்படியே வெச்சிரு. தலகாணி, சால்வ, எதையும் தொடாத. நான் வந்து பாக்கணும்." சரி என்றுதான் பெரியவள் சொன்னாள். மனசாரத்தான் சொன்னாள். ஆனால் எல்லாம் முடிந்து சனங்கள் கலைந்த பிறகு அவளுக்குக் கை நிற்கவில்லை. நோயாளி போன கட்டிலை அப்படியே விட்டு அவளுக்குப் பழக்கமே இல்லை. வாளியை எடுத்தாள். தரை, சுவர், கட்டில் கால், ஜன்னல் கம்பி, ஒன்றையும் விடவில்லை. தலையணை உறையையும் சால்வையையும் பினாயில் தண்ணீரில் ஊறவைத்து அலசி வெயிலில் போட்டாள். தேய்க்கத் தேய்க்க அழுகை கொஞ்சம் அடங்கியது, அதனால் இன்னும் தேய்த்தாள். சின்னவள் வந்து, பையைக்கூட இறக்கி வைக்காமல் உள்ளே போய், தலையணையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் அப்படியே நின்றாள். பிறகு திரும்பி, "உனக்கு அம்மாவும் ஒரு வார்டுதானா?" என்று கேட்டாள். அதுதான் கடைசி. அம்மா இருந்த வீட்டை விட்டுப் போக மனசில்லாமல் அந்த ஊர் வேலையை உதறிவிட்டு இங்கேயே வந்துவிட்டாள், ஆனால் பேச்சு போனது போனதுதான். சுத்தம் பண்ணியது ஒரு குற்றமா என்று பெரியவள் தனக்குள்ளேயே ஆயிரம் தடவை கேட்டுக்கொண்டாள். குற்றம் இல்லை என்றுதான் ஒவ்வொரு தடவையும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள்.

ஆனால் இரண்டு பேர் ஒரே கூரைக்கு அடியில் இருந்தால் சொல்லியே தீர வேண்டியது சில உண்டல்லவா? கேஸ் தீர்ந்துவிட்டது, குழாயில் தண்ணீர் வரவில்லை, சாவியைக் கீழ்வீட்டில் கொடுத்திருக்கிறேன் என்று எத்தனை இல்லை. முதல் இரண்டு வருஷம் சீட்டெழுதிச் சமையலறைக் கதவில் செருகினார்கள். அதற்குப் பிறகு பூனை வந்தது. சாம்பல் நிறம், ஒரு காது நுனி கிழிந்திருக்கும். மழைக்கு ஒதுங்க மாடிப்படி ஏறி வந்தது, திரும்பிப் போகவில்லை. வந்த அன்றைக்கே சின்னவள் அதைப் பார்த்து, "பூனையே, நாளைக்கு நான் வர லேட்டாகும். சாப்பாட்ட மூடி வைக்கச் சொல்லு" என்றாள்.

பெரியவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "பூனையே, இங்க என்ன ஓட்டலா நடக்குதுன்னு கேளு. மூடி வைப்பாங்கன்னும் சொல்லு" என்றாள்.

அன்றையிலிருந்து எல்லாம் பூனை வழியாகத்தான். கீழ்வீட்டில் இருந்த தையல்காரர் படி வழியாக இதையெல்லாம் கேட்டுக் கேட்டுச் சிரித்து, "உங்க வீட்டுல வளர்றது பூனை இல்லம்மா, தபால்" என்றார். தபால் என்றே பெயர் நிலைத்தது. நாலு வருஷத்தில் அது சுமந்த கடிதங்களுக்குக் கணக்கே இல்லை. "தபால், குழம்புல உப்பு போட மறந்தவங்க யாருன்னு கேளு" என்று ஒருத்தி ஆரம்பித்தால், "தபால், உப்பு கேக்கற வயசெல்லாம் தாண்டியாச்சு, ரத்தக் கொதிப்பு வரும்னு சொல்லு" என்று மற்றவள் முடிப்பாள். நடுவில் அது பாட்டுக்குக் காலைத் தூக்கி நக்கிக்கொண்டிருக்கும். ஒரு மழை நாளில் கரண்ட் போய், இருட்டில் இரண்டு பேரும் அம்மாவைப் பற்றிக்கூடப் பேசினார்கள், தபாலிடம்தான். அம்மா வெங்காயம் நறுக்கும்போது பாடுவது தபாலுக்குத் தெரியுமா என்று சின்னவள் கேட்டாள். ராகம் தப்பாகப் பாடுவாள் என்பதும் தெரியுமா என்று பெரியவள் கேட்டாள். இருட்டில் இரண்டு பேரும் சிரித்தார்கள். விளக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்கள்.

அப்பேர்ப்பட்ட தபாலுக்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தும்மல் வந்தது. மூக்கு ஒழுகியது. கண்ணில் பீளை கட்டியது. திங்கட்கிழமை காலையில் வைத்த மீன் சாயங்காலம் வரை அப்படியே இருந்தது.

பெரியவள் பயந்துபோனாள். பயந்தால் அவள் என்ன செய்வாள் என்றுதான் உங்களுக்குத் தெரியுமே. ஆஸ்பத்திரியில் ஒரு வாளிக்கு ஒரு மூடி; வீட்டில் இதுவரை வாரம் ஒரு தடவை அரை மூடிதான், இப்போது மூன்று மூடி ஊற்றினாள். நம் வீட்டுப் பிள்ளைக்குப் போய்க் கஞ்சத்தனம் பார்ப்பதா என்ற எண்ணம். இரண்டு அறையையும் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை துடைத்தாள். தபால் படுக்கும் சாக்கை ஊறவைத்துத் துவைத்தாள். அது சாப்பிடும் கிண்ணத்தை ஒவ்வொரு வேளைக்கும் பினாயில் தண்ணீரில் முக்கி எடுத்துக் கழுவினாள்.

"தபால், நெடி தாங்கலன்னு சொல்லு. கண்ணு எரியுது" என்றாள் சின்னவள்.

"தபால், நோய் வந்த வீட்டுல நெடி இருக்கத்தான் செய்யும்னு சொல்லு. நாளைக்கே எழுந்து ஓடுவ பாரு."

அது எழுந்து ஓடவில்லை. செவ்வாய்க்கிழமை கோழியை வேகவைத்து, எலும்பு நீக்கி, நாராகக் கிழித்து வைத்தாள். தபால் மெல்ல நடந்து வந்தது. கிண்ணத்தில் முகத்தை வைத்தது, உடனே எடுத்தது. உதட்டை இரண்டு மூன்று தடவை நக்கிக்கொண்டு, எச்சில் வழிய, கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் போய் ஒடுங்கியது. கோழி பிடிக்கவில்லை போலும் என்று முட்டை மஞ்சள் கரு வைத்தாள். டப்பா மீன் வாங்கி வந்தாள். பால் வைத்தாள். ஒன்றையும் அது தொடவில்லை. அது வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிய ஒவ்வொரு தடவையும் இவள் கிண்ணத்தை எடுத்துப் போய் முன்னைவிட அழுத்தித் தேய்த்துக் கழுவினாள். புதன்கிழமை அதன் முதுகெலும்பு விரலில் தட்டுப்பட ஆரம்பித்தது.

அது கட்டிலுக்கு அடியில் போனதிலிருந்து வீட்டில் பேச்சும் நின்றுபோனது. யாரைப் பார்த்துப் பேசுவது? சின்னவள் சாப்பிட்டாளா என்றுகூட இவளால் கேட்க முடியவில்லை. இரண்டு பேரும் எதிரெதிர் அறையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார்கள். புதன்கிழமை அந்திக்கு முன்னால், பெரியவள் இந்தப் பக்கம் தரையோடு தரையாகக் குப்புறப் படுத்துக் கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்தபோது, அந்தப் பக்கம் சின்னவளும் அதே மாதிரி படுத்திருந்தாள். நடுவில் தபால். அக்கா தங்கை முகங்கள் அவ்வளவு பக்கத்தில் வந்து எத்தனை காலம் ஆகியிருக்கும். சின்னவளின் கண் சிவந்திருந்தது.

"தபால், டாக்டர்கிட்ட போகலாமான்னு கேளு" என்றாள் சின்னவள்.

"போலாம்னு சொல்லு" என்றாள் பெரியவள்.

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் பயந்தது பூனைக்காக மட்டும் இல்லை. இது போய்விட்டால் சின்னவள் மறுபடியும் சீட்டெழுதிக் கதவில் செருகுவாள். கொஞ்ச நாளில் அதையும் விட்டுவிடுவாள். அப்புறம் இந்த இரண்டு அறையில், இரண்டு பேரும் கிழவிகளாகி, ஒருத்தி செத்தால் மற்றவள் பார்த்தால்தான் தெரியும் என்ற நிலையில் கிடக்க வேண்டியதுதான். எப்படியாவது தபாலை ஒரு வாய் சாப்பிட வைத்துவிட வேண்டும், ஒரே ஒரு வாய் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே இருந்தாள்.

வியாழக்கிழமை இரண்டு பேரும் லீவு போட்டார்கள். பிளாஸ்டிக் கூடையில் துண்டு விரித்து, தபாலை வைத்து, மேலே இன்னொரு துண்டைக் கட்டி, மாட்டாஸ்பத்திரிக்குப் பேருந்தில் போனார்கள். ஒரே இருக்கையில் இந்த ஓரம் ஒருத்தி, அந்த ஓரம் ஒருத்தி, நடுவில் கூடை. கூடைக்குள் சத்தமே இல்லை.

அங்கே இருந்தது ஒரு லேடி டாக்டர். கம்மிய குரல், மணிக்கட்டு முழுக்கப் பழைய கீறல்கள். தபாலை மேசையில் வைத்ததும், "சாப்பிட்டு எத்தன நாளாச்சு?" என்று கேட்டார்.

"தபால், நாலு நாளாச்சுன்னு சொல்லு" என்றாள் பெரியவள்.

"தபால், தண்ணியும் சரியா குடிக்கலன்னு சொல்லு" என்றாள் சின்னவள்.

டாக்டர் நிமிர்ந்து இவளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார். "ரெண்டு பேரும் என்னப் பாத்து சொல்லுங்கம்மா. அது என்கிட்ட ஒண்ணும் சொல்லாது."

அக்கா தங்கை இருவருக்கும் முகம் சுருங்கிப்போனது. டாக்டர் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. வாயை மெல்லத் திறந்து டார்ச் அடித்தார். நாக்கின் ஓரமெல்லாம் சிவந்து புண்ணாகி இருந்தது. பிறகு அதன் முன்னங்காலைத் தூக்கி, பாதத்தைத் தன் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"வீட்ட எதால துடைக்கிறீங்க?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல பெரியவளைவிட யாருக்குத் தகுதி உண்டு. சட்டென்று நிமிர்ந்து நின்றாள். "பினாயில் டாக்டர். கடையில விக்கிற தண்ணிச் சரக்கு இல்ல, ஆஸ்பத்திரியில போடுற கறுப்பு பினாயில். வாளிக்கு மூணு மூடி, ரெண்டு வேள. அது சாப்பிடுற கிண்ணத்தக்கூட அதுலதான் கழுவுறேன். சுத்தத்துல நான் ஒரு குறையும் வெக்கல."

டாக்டர் தபாலின் பாதத்தை மெல்லக் கீழே வைத்தார். திட்டலாமா வேண்டாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. பிறகு தாழ்ந்த குரலில், "அம்மா, அது பூனைக்கு விஷம்" என்றார். "தரையில நடக்கும், கால்ல ஒட்டும், நக்கிக்கும். நாக்கு வெந்துபோயிருக்கு. உள்ள என்ன ஆயிருக்குன்னு ரத்தம் எடுத்துத்தான் பாக்கணும். முதல்ல வந்தது வெறும் சளி. அது ரெண்டு மூணு நாள்ல தானா போயிருக்கும்."

பெரியவளுக்குக் காதில் விழுந்தது, ஆனால் பிடிபடவில்லை. "கிருமிய கொல்லத்தான டாக்டர்" என்றாள்.

"தெரியுது. இனிமே ஒரு சொட்டுகூட கூடாது."

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். தபாலின் தோலுக்கு அடியில் ஊசியால் தண்ணீர் ஏற்றினார். குமட்டலுக்கு ஒரு ஊசி போட்டார். புண்ணுக்கு மருந்து கொடுத்தார். பூனைக்கு மூக்குதான் எல்லாம் என்றார். மூக்கு அடைத்தாலோ, சாப்பாட்டுப் பக்கத்தில் பிடிக்காத நெடி வந்தாலோ அது பட்டினி கிடந்து செத்தாலும் சாவும், வாய் வைக்காது. வெதுவெதுப்பாகக் கொடுங்கள், தட்டையான தட்டில் ஒரு ஸ்பூன் மட்டும் வையுங்கள், கொஞ்சம் விரலில் எடுத்து உதட்டில் தடவுங்கள், மற்றதை அது தானே நக்கட்டும், திணிக்காதீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். "கல்லீரல் ஏற்கெனவே சோர்ந்துபோச்சு. ஞாயித்துக்கெழமைக்குள்ள அதுவா சாப்பிடணும். இல்லன்னா மூக்கு வழியா குழாய் போடணும், அதையும் இது தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது." கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "அது படுத்துப் பழகின துணி ஏதாவது துவைக்காம இருந்தா கூட வைங்க. தன் வாசனை, தன் வீட்டு ஆளுங்க வாசனை இருந்தா அதுக்கு தைரியம் வரும்."

துவைக்காத துணி. சின்னவள் அப்போதுதான் தலையைத் திருப்பி அக்காவை நேராகப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பெரியவள் தாங்கியிருப்பாள். அந்தப் பார்வையில் கோபமே இல்லை, ரொம்பக் களைத்துப்போன பார்வை. பெரியவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

தபாலைக் கீழ்வீட்டுத் தையல்காரரிடம் விட்டுவிட்டு இரண்டு பேரும் வீட்டைக் கழுவினார்கள். வெறும் தண்ணீர். வாளி வாளியாக ஊற்றி, துடைப்பத்தால் தள்ளி, மறுபடியும் ஊற்றினார்கள். சிமெண்டுத் தரை ஆறு வருஷமாகக் குடித்த பினாயிலை லேசில் விடுவதாக இல்லை. தண்ணீர் காயக் காய நெடி எழுந்து வந்தது. பெரியவள் முழங்காலிட்டுத் தேய்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தரையைப் பழையபடி அழுக்காக்க முடியாதா என்று தேய்த்தாள். சின்னவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டால் தேவலை என்று இவளுக்கு இருந்தது. யார் வழியாகக் கேட்பாள்?

பிறகு துணி தேடினாள். அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தாள். புடவை, துண்டு, போர்வை, சாக்கு, கால்மிதி வரைக்கும் எல்லாம் ஒரே நெடி. அந்த வீட்டில் மனுஷ வாசனை அடிக்கிற துணி மருந்துக்குக்கூட ஒன்று இல்லை. கடைசியாக ஒரு தலையணையை எடுத்து முகத்தில் வைத்தாள், வைத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பையை இறக்கி வைக்காமல் இதே இடத்தில் நின்ற சின்னவள் எதைத் தேடினாள், எது கிடைக்காமல் போனது என்பது ஆறு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. ஆயிரம் தடவை சொல்லிக்கொண்ட தீர்ப்பு ஒரே மூச்சில் மாறிப்போனது. தான் பெரிய பாவம் பண்ணிவிட்டதாக நினைத்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எழுந்து வாசல் வரை போனாள். சின்னவள் நாலைந்து நாளாகத் துவைக்காமல் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றிக் கூடைக்குள் விரித்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்க்காமலேயே தையல்காரர் வீட்டுக்கு இறங்கிப் போனாள். கேட்க வந்தது கேட்காமலே நின்றது.

வெள்ளிக்கிழமை முழுக்க முயன்றார்கள். காலையில் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய்த் தண்ணீர் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வெந்நீரில் நனைத்த துணியால் சின்னவள் அதன் மூக்கைத் துடைத்துவிட்டாள். பெரியவள் மீனை வேகவைத்து, முள் ஆய்ந்து, விரல் நுனியில் சூடு பார்த்து, கரண்டியால் மசித்துக் கொடுத்தாள். சின்னவள் அதில் ஒரு துளியைத் தபாலின் உதட்டில் தடவினாள். அது கண்ணைத் திறந்தது. மூக்கு அசைந்தது. ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்த பெரியவள் ஆசை தாங்காமல், "சாப்பிடு கண்ணு" என்று தட்டை அதன் பக்கம் நகர்த்தினாள். உடனே அது தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டது. உதட்டில் இருந்ததைக்கூட நக்காமல், எச்சில் வடித்து, திரும்பிப் படுத்துவிட்டது.

இப்படி மூன்று தடவை ஆயிற்று. மூன்றாவது தடவை சின்னவள் தட்டைப் பார்க்கவில்லை, அக்காவின் கையைப் பார்த்தாள். பெரியவள் கையை மடியில் மறைத்துக்கொண்டாள்.

சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கையை மோந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. துணியிலும் தரையிலும் தெரிகிற நெடி, இருபத்திரண்டு வருஷத்தில் தன் கையில் மட்டும் அவள் மூக்குக்கு இல்லாமலே போய்விட்டது. சோப்புப் போட்டுக் கழுவினாள். உப்பு வைத்துத் தேய்த்தாள். எலுமிச்சம்பழத்தை அறுத்து, நகக்கண் எரிய எரிய முழங்கை வரை பூசினாள். போதாததற்கு டீத்தூளை வேறு அள்ளித் தேய்த்தாள். திரும்பி வந்து கதவருகே நின்றபோது, தபால் மூக்கைச் சுளித்து இரண்டு தடவை தும்மியது. பாவம், எலுமிச்சம்பழமும் அதற்கு ஆகாது என்று இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள். சுத்தம் பண்ணுவதைத் தவிர அன்பு காட்ட வேறு வழியே கற்றுக்கொள்ளாமல் இத்தனை வயதாகிவிட்டதே என்று அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

சனிக்கிழமை லீவு கிடைக்கவில்லை. சின்னவள் வீட்டில் இருந்தாள், பெரியவள் வார்டுக்குப் போனாள். ஒரு கட்டிலுக்கு அடியில் துடைக்கும்போது வாளித் தண்ணீர் வெளுத்திருப்பதைப் பார்த்து அவளுக்கு ஓங்கரித்தது. கைப்பிடியை ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். "என்ன பினாயில் அக்கா, இன்னிக்கு கையில நோகாம வேல பாக்குறீங்க" என்று வார்டு பாய் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. இரண்டு மணிக்கு முறை மாறியதும் ஆஸ்பத்திரிக் குழாயடியிலேயே வேறு உடை மாற்றிக்கொண்டு, முதலில் வந்த வண்டியில் ஏறி வீட்டுக்கு ஓடி வந்தாள். உயிரோடு இருக்குமா இருக்காதா என்பதுதான் அவள் மனசில் இருந்த ஒரே கேள்வி.

கதவு ஒருக்களித்திருந்தது. மெல்லத் தள்ளினாள்.

தபால் கூடையை விட்டு வெளியே வந்து, தரையில் விரித்திருந்த ஸ்வெட்டரின் மேல் உட்கார்ந்திருந்தது. முன்னால் தட்டு. சின்னவள் சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு, மூச்சுக்கூட விடாத மாதிரி இருந்தாள். தபால் தலையைத் தாழ்த்தியது. நாக்கு வெளியே வந்தது. மசித்த மீனை ஒரு தடவை நக்கியது. இன்னொரு தடவை நக்கியது. பெரியவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் வாசலிலிருந்து காற்று உள்ளே போயிருக்க வேண்டும். தபால் தலையைத் தூக்கியது, மூக்கு அசைந்தது, ஓரடி பின்வாங்கியது.

சின்னவள் திரும்பினாள். அக்காவை நேருக்கு நேர் பார்த்தாள்.

"அக்கா" என்றாள்.

ஆறு வருஷம் இதற்காகத்தான் காத்திருந்தாள் பெரியவள். ஒரு காலை உள்ளே எடுத்து வைத்தாள்.

"அக்கா, உள்ள வராத."

பெரியவள் காலைப் பின்னால் எடுத்தாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். மேல்படியில் உட்கார்ந்து, கையிரண்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு காத்திருந்தாள். பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து சின்னவளின் குரல் வந்தது.

"அக்கா, படியில இருக்கியா? கதவிடுக்கு வழியா வருது. அது மோந்துகிட்டே நிக்குது. கொஞ்சம் கீழ போறியா?"

ஒரு சுற்று இறங்கினாள். தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. இந்தத் தூரம் போதுமோ போதாதோ என்று தோன்றியது. தெருவுக்கே இறங்கிப் போய், எதிர்ச் சாரிக் கடைச் சுவரோரம் நின்றுகொண்டாள். போகிறவர்கள் வருகிறவர்கள் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும். கண்ணை மாடி ஜன்னலை விட்டு எடுக்காமல் நின்றாள்.

எவ்வளவு நேரம் ஆகியிருக்குமோ. ஜன்னலில் சின்னவளின் முகம் தெரிந்தது. கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது.

"அக்கா, சாப்பிடுது" என்றாள். "தட்டையே காலி பண்ணிடுச்சு. இன்னும் கேக்குது."

பெரியவள் தலையை ஆட்டினாள். வாயைத் திறந்தால் நடுத்தெருவில் அழுதுவிடுவோம் என்று பயந்து, திரும்பத் திரும்ப ஆட்டிக்கொண்டே இருந்தாள். காற்று தெருப்பக்கத்திலிருந்து வீட்டுப் பக்கமாக அடித்தது. மேலே சின்னவள் மூக்கை ஒரு தடவை உறிஞ்சினாள், உள்ளே தபாலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஜன்னல் கதவை இழுத்தாள்.

"நான் எப்ப வரட்டும்?" என்று பெரியவள் கேட்டாள். யாரையும் நடுவில் வைக்காமல், நேராக, தங்கையைப் பார்த்துத்தான் கேட்டாள். ஜன்னல் அதற்குள் சாத்தியாகிவிட்டது.